இலைக்கட்டைக் கட்டிய கொடி

டிராகன் படகுத் திருநாளன்று மத்தியானம் அடுப்படியைக் கூட்டும்போதுதான் அந்தக் கொடியைப் பார்த்தேன். வெந்து சுருண்டு குப்பையோடு கிடந்தது. நுனியில் ஒரே ஒரு மஞ்சள் பூ.

எங்கள் மலையில் மஞ்சள் பூ உள்ள கொடி இரண்டு உண்டு. ஒன்று பொன்வெள்ளிப் பூ. வெள்ளையாய்ப் பூத்து இரண்டு நாளில் மஞ்சளாகும். காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடிப்போம். இன்னொன்று குடலறுப்பான். பெயரே போதும். பச்சையாய் இருந்தால் தண்டைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்: முன்னதில் பூனைமயிர் இருக்கும், பின்னது வழவழவென்று இருக்கும். வெந்துபோனதில் என்னத்தைக் கண்டுபிடிக்க?

புறக்கடையில் கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சுன்ஃபாவைக் கூப்பிட்டேன்.

"யோவ், இலைக்கட்டை எதால கட்டுன?"

"வைக்கோல் எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். பக்கத்துல கெடந்த கொடிய அறுத்துக் கட்டுனேன். ஏன்?"

"அப்படியே பானையில போட்டியா?"

"கட்டோடதான போடுவோம்? பிரிச்சுப் போட்டா இலை கிழியுதுன்னு நீதான கத்துவ!"

உண்மைதான். மூங்கிலிலையைக் கட்டோடு வேகவைத்து, ஆறிய பிறகு பிரித்து, ஒட்டரிசியும் பன்றிக்கறியும் வைத்து மடித்து அவித்தால்தான் திருநாள் சோங்சி நன்றாக வரும். விடியுமுன் இருட்டில் அவசரமாய்க் கட்டைப் பிரித்தபோது கொடியைக் கவனிக்கவில்லை. அப்படி நான் மடித்த முதல் பானைச் சோங்சியில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. பத்தும் பக்கத்து வீட்டு வான்மெய்யிடம் இருந்தது.

வசந்தத்தில் அவள் புருஷன் செத்துப்போனான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் சோங்சி கட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும். எனக்கும் அவளுக்கும் வாய்க்கால் தகராறில் மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை. நடுத்தெருவில் நின்று அவளை நாசமாய்ப் போகச் சொன்னவளும் நான்தான். ஆனாலும் அவள் மகள் தாவ்தாவ் எட்டு வயதுப் பிள்ளை, திருநாளில் வெறும் வாயோடு இருக்கலாமா? காலையில் போய்க் கூடையை நீட்டினேன். வான்மெய் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

குடலறுப்பானாய் இருந்தால் என்று நான் சொன்னதும் சுன்ஃபா செம்பைக் கீழே போட்டார். "உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்லித் திருப்பி வாங்கிட்டு வந்துடு. வெஷம்னு வாயத் தொறந்தே, ஊரே காறித் துப்பும். நீ சாபம் விட்டது எல்லாருக்கும் தெரியும்."

"நீ மலைக்கு ஓடு. அறுத்த எடத்துல மிச்சக் கொடி இருக்கும், புடுங்கிட்டு வா. போய்யா!"

உப்பு என்றே சொல்லிவிடலாம் என்றுதான் நானும் ஓடினேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

தாவ்தாவ் மேசைமேல் ஒரு சோங்சியை வைத்து இலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். சோறு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"குடுத்தத வந்து புடுங்குறியா?" என்று சீறினாள் வான்மெய். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"பாப்பா தின்னாளா? சொல்லுடி!"

"இன்னும் வாயில வைக்கல. என்ன இப்ப?"

உப்பு என்ற சொல் நாக்குவரை வந்தது. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல முடியவில்லை. "இலையோட குடலறுப்பான் வெந்திருக்கும்னு பயமா இருக்கு. தெரியாம நடந்துபோச்சு."

வான்மெய் மெல்ல உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு தின்னுட்டேன்."

"எப்ப?"

"நீ குடுத்துட்டுப் போனதும். ஏதாச்சும் கலந்திருப்பியோன்னு சந்தேகம். மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா இவளுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம். "அப்பனும் இல்ல, நீயும் போய்ட்டா இவளுக்கு யாருடி இருக்கா? அறிவிருக்கா ஒனக்கு?"

"பின்ன, இவளத் தின்னு பாக்கச் சொல்லவா?"

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி மூன்று மணிக்குத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"கண்ணு மங்குதா? நாக்கு மரத்துப்போகுதா?"

"நீ பேசுற பேச்சுலதான் தல சுத்துது. சும்மா இரு."

மூன்று வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். நான் மணிக்கட்டை விடவில்லை.

சுன்ஃபா மூச்சிரைக்க உள்ளே வந்து கொடியை மேசைமேல் போட்டார். அவர் அரிவாள் வெட்டு அடித்தண்டில் அப்படியே இருந்தது. ஒரே காம்பில் வெள்ளைப் பூ ஒன்று, மஞ்சள் பூ ஒன்று. நான் தடவிப் பார்த்தேன். நம்பாமல் வான்மெய்யும் தடவினாள். விரலில் பூனைமயிர் சொரசொரத்தது.

"பொன்வெள்ளிதான்," என்றாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

வான்மெய் கூடையிலிருந்து இன்னொரு சோங்சியை எடுத்து, இலையைப் பிரித்து மகள் முன்னால் வைத்தாள். பிள்ளை தொடவில்லை.

"மொதல்ல நீ தின்னு பாக்கலையாம்மா?"

"வேணாம். பெரியம்மா கட்டுனது, தின்னு."