நீலவரை இரண்டு, வெர்னா ஒன்று

நீலவரை என்று ஒரு நாடு கிடையாது. ஜ்வாலாமாலினி அதை இணையத்தில் உருவாக்கியிருந்தாள். தலைநகர், மக்கள்தொகை, கால்பந்து அணி, ஆதிமூலம் என்ற கோல்கீப்பர். அவளைப் போல் இன்னும் முப்பத்தொரு பேர் பல தேசங்களிலிருந்து ஆளுக்கொரு கற்பனை நாட்டை வைத்துக்கொண்டு ஓர் இணைய மன்றத்தில் கோப்பைக்கு மோதினார்கள். மைதானத்தில் எதுவும் நடக்காது. ஒரு மென்பொருள் இரண்டு அணிகளின் பலத்தை எடுத்துக்கொண்டு, பகடை போல் உருட்டி, கோல் கணக்கைச் சொல்லும். அந்தக் கணக்குக்கு ஏற்ப ஆட்டத்தைக் கதையாக எழுதுவார்கள்.

2002ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தியதும் அதற்கான மென்பொருளை எழுதியதும் அவள்தான். எட்டு மாத வேலை. போட்டியை நடத்துபவளின் நாடே இறுதிக்கு வந்ததும் கனடாக்காரர் ஒருவர் சந்தேகம் கிளப்பினார். விதி இருக்கிறது என்று அவள் பதில் எழுதினாள். தன் நாட்டின் ஆட்டத்தை யாரும் தானே இயக்கக் கூடாது. வேறொருவர் இயக்க வேண்டும். ஒரே முறை. வருவதுதான் முடிவு.

வேறொருவர் என்று அவளுக்கு இருந்தது கணவன் அனந்த். செங்கம் சாலையில் எட்டுக் கணினிகளோடு பிரவுசிங் சென்டர் நடத்தினான். இறுதி ஆட்டத்தன்று காலை அவளுக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் வேலை இருந்தது.

"பத்து மணிக்கு இந்தப் பட்டனை அமுக்குங்க. வர்றதை அப்படியே மன்றத்துல போடுங்க. அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டரைக்குச் சென்டருக்குத் திரும்பினாள். பலராமன் எழுந்து கைதட்டினான். வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை பிடித்துக் கொடுப்பவன். தினமும் மெயில் பார்க்க வருவான்.

"அக்கா, கப்பு நம்ம ஊருக்குதான்! ரெண்டுக்கு ஒண்ணு. ஸ்வீட் எங்க?"

அவள் சிரித்துவிட்டாள். உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தாள். இறுதி ஆட்டத்தில் எதிரணியான வெர்னாவின் சொந்தக்காரர் எழுதியிருந்தார். பின்லாந்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "கடைசி நிமிடத்தில் எங்கள் தெருக்களில் யாரும் பேசவில்லை. தோல்வி நியாயமானது. வாழ்த்துகள்."

எந்தெந்த நிமிடத்தில் கோல் விழுந்தது என்று பார்க்கப் பதிவுக் கோப்பைத் திறந்தாள். மென்பொருள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நேரத்தோடு அதில் ஒரு வரி எழுதும். முந்தைய அறுபத்து மூன்று ஆட்டங்களுக்கும் ஒவ்வொரு வரி. இறுதி ஆட்டத்துக்குப் பதினோரு வரி. முதல் வரி: பத்து மணி இரண்டு நிமிடம், நீலவரை 0, வெர்னா 3.

"என்னங்க இது?"

அனந்த் எட்டிப் பார்த்தான். "அதெல்லாம் எழுதி வெச்சுக்குமா?"

"பதினோரு தடவை அமுக்கியிருக்கீங்க."

"மொதல்ல சைபர்னு வந்துச்சு. சாப்பாடு தூக்கம் இல்லாம செஞ்சியே, மூஞ்சி வாடிடுமேன்னுதான்…"

"நான்தான் இன்னொரு தபா அமுக்குண்ணான்னு சொன்னேன்," என்றான் பலராமன். "மேட்சு சூடா போச்சுக்கா. ஒரு தபா ஆறுக்கு ஆறு வந்துச்சு."

"நீ வாயை மூடு."

"யாருக்குத் தெரியப் போவுது மாலினி? இல்லாத ஊரு, இல்லாத பந்து. பொம்மை வெளையாட்டுக்கு இவ்ளோ கோவமா?"

"புரோகிராம் பொம்மை இல்லை. அது யாருக்கும் சாயாதுன்னு முப்பத்தொரு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"உனக்காகத்தான்டி பண்ணேன்."

"நான் கேட்டனா? தோத்தா அழுதிருப்பேன். அழுதுட்டுக் கதை எழுதியிருப்பேன். அதுல உங்களுக்கு என்ன வேலை?"

அவன் கல்லாப் பக்கம் போய்விட்டான். அவள் பதிவுக் கோப்பை முழுதாக மன்றத்தில் போட்டாள். இயக்கியவர் பதினோரு முறை இயக்கிவிட்டார், முதல் முறை வந்ததே முடிவு, கோப்பை வெர்னாவுக்கு என்று எழுதினாள்.

அரை மணியில் கனடாக்காரரின் பதில் வந்தது. "பதிவுக் கோப்பை எழுதுவதும் உங்கள் மென்பொருள்தானே. மற்ற ஆட்டங்களை நீங்கள் எத்தனை முறை இயக்கினீர்கள் என்று யாருக்குத் தெரியும்?" அடுத்து இன்னொருவர்: அறுபத்து நான்கு ஆட்டங்களும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அடுத்தவர்: இந்த மென்பொருள் இனி வேண்டாம். பின்லாந்துக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பொத்தானை அழுத்தியவர் யார்? அவர் ஏன் பேசவில்லை?"

அவள் எழுந்தாள்.

"பலராமா, எழுந்திரு."

"மெயிலு பாதியில நிக்குதுக்கா."

"எழுந்திருடா."

கல்லாவை ஒட்டியிருந்த அந்த நாற்காலியில் அனந்தை உட்கார வைத்து, மன்றத்தைத் திறந்தாள்.

"என்ன எழுதணும்?"

"நடந்ததை."

"இங்கிலீஷ்லயா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

அவன் இரண்டு விரல்களால் தட்டினான். என் மனைவி வருத்தப்படக் கூடாது என்பதற்காக என்று தொடங்கினான். அவள் குனிந்து அந்த வரியை அழித்தாள்.

"நெஜம்தானே அது?"

"இருக்கட்டும். அவங்க அதைக் கேக்கலை."

மறுபடி தட்டினான். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கணினி காலியில்லை, அப்புறம் வாங்க என்றாள். இரண்டு கணினிகள் காலியாகத்தான் இருந்தன.

"மூணு நாலு தபான்னு போட்டுடவா? பதினொண்ணுன்னா அசிங்கமா இருக்கு."

"பதினொண்ணு."

"இதைப் படிச்சா நம்புவாங்களா?"

"தெரியாது."

"நம்பலைன்னா?"

"நம்பலைன்னா அது உங்களால. எழுதுங்க."

அவன் கீழே அனந்த் என்று மட்டும் போட்டான்.

"முழுப் பேரு. கடை அட்ரஸும் போடுங்க."

பலராமன் சத்தமில்லாமல் வெளியே போனான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, அனந்த் தெருப்பெயருக்கு விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.