அருள்மேரி எழுதாத முடிவு

மேல்வானம் செம்மை பூத்து மங்க, வான்படைத் தளத்து விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, மூச்சிரைத்து வந்து நின்ற மின்தொடர்வண்டி, பணிமுடித்த மாந்தரை மூட்டை அவிழ்த்தாற்போல் நடைமேடையிற் கொட்ட, பூ விற்போர் கூவலும் பேருந்து நடத்துநர் சீழ்க்கையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் தாம்பரத்து மாலைப்பொழுது அது; ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. கற்றறிந்தவரே, அந்த மாலையில் ஓர் எழுத்தாளரைப் போற்றுகிறோம் என்று ஊரைக் கூட்டி ஒரு கொடுமை செய்தார்கள். எண்ணினால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவ்வெழுத்தாளர் பெயர் அருள்மேரி. இராசகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்து, தொலைபேசி நிலையத்தில் பணியாற்றி, எஞ்சிய பொழுதையெல்லாம் எழுத்துக்கே ஈந்தவர். கடலோரக் குப்பத்திலிருந்து மீன்கூடை சுமந்து அவர் வாயிலுக்கு வரும் அங்காளம்மா, அடித்தே கொல்லப் பார்த்த கணவனை விட்டு மகளோடு வெளியேறித் தமையன்மார் வீடு சேர்ந்த தன் வாழ்வைச் சொல்லச் சொல்ல, அவள் ஒப்புதல் பெற்றே அதைப் புதினமாக்கினார். கிழமை இதழொன்றில் அது தொடராய் வந்தது. விரும்பிய தொடரின் தாள்களை வாரந்தோறும் கிழித்தெடுத்து அடுக்கி, ஊசிநூலால் தைத்து, தடித்த அட்டை போட்டு, வீடுவீடாய்ச் சுற்றுக்கு விடுவது நம்மவர் வழக்கமன்றோ! இத்தொடரையும் அவ்வாறே தைத்துப் படித்தார்கள்.

தலைவி கணவனிடம் திரும்பாமல் தன் உழைப்பில் நிமிர்ந்து நிற்பதாகவே அருள்மேரி இறுதி இயலை எழுதியனுப்பினார். இதழாசிரியர் பத்ரிநாராயணனோ, "அவளைக் கணவனோடு சேர்த்து வையுங்கள்" என்று குவிந்த மடல்களைக் கண்டு, தாமே ஓர் இயல் எழுதி, தலைவியைக் கணவன் காலில் விழவைத்து, அருள்மேரியின் பெயரிலேயே அச்சிட்டுவிட்டார். ஒரு சொல் கேட்டாரா? இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

சீறிச் சென்று கேட்ட அருள்மேரியிடம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லேடீஸ் எல்லாம் அழுதுட்டாங்கம்மா. அந்த முடிவுக்காகத்தான் தாம்பரத்துல உங்களுக்குப் பாராட்டு விழாவே. புத்தகமும் அப்படியேதான் வரும். மாத்தணும்னா பப்ளிஷர் கைகழுவிடுவார்."

அருள்மேரிக்கு அதுவே முதல் நூல். எத்தனையோ ஆண்டு ஏங்கிய ஏக்கம் சினத்தை வெல்ல, விழாவுக்கு வர ஒப்பித் திரும்பினார்.

விழாவன்று காலை அங்காளம்மா வந்தாள், தலைக்கூடையை இறக்கவேயில்லை.

"இன்னாம்மா இப்டி பண்ட்ட? எங்க அண்ணி அந்தத் தச்ச பொஸ்தகத்த வாங்கியாந்து என் பொண்ண வுட்டே படிக்கச் சொல்லிச்சு. 'கதையில அவளே போய்ட்டா, ஒனக்கு இன்னாடி'ன்னு அண்ணனுங்க கத்திகினு கீறாங்க. ஞாயித்துக்கெழம என்ன அவன்கிட்ட இட்டுகினு போறாங்களாம். போனா நான் உசுரோட வரமாட்டேம்மா."

"நான் அப்படி எழுதலை, அங்காளம்மா."

"உம்பேருதான கீது?"



மாலை, அரங்கு நிரம்பி வழிந்தது. படிப்போர் மன்றத் தலைவி சாமுண்டீஸ்வரி பொன்னாடை போர்த்தி, தாம் தைத்த தொகுப்பை உயர்த்திக் காட்டி, "இந்த முடிவுதான் நம்ம குடும்பப் பெண்களுக்குப் பாடம்" என்று நெகிழ்ந்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அருள்மேரி எழுந்தார், பொன்னாடையைக் களைந்து நாற்காலியில் எறிந்தார். "இந்த முடிவை நான் எழுதலை. என் பேரைப் போட்டு வேற ஒருத்தர் எழுதினது. இதைக் காட்டி ஒருத்தியைச் சாகடிக்கப் பாக்கறாங்க. உங்களுக்கெல்லாம் கைதட்ட வெக்கமா இல்லை?" என்று கேட்டு, தொகுப்பை வாங்கி, இறுதித் தாள்களைப் பிய்த்தெடுத்தார்.

"எங்க புத்தகத்தைக் கிழிக்க நீங்க யாரு?" என்று பாய்ந்தார் சாமுண்டீஸ்வரி. எழுதியவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஐயா இது! அரங்கமே அதை ஆமோதித்துக் கூச்சலிட்டது. முன்வரிசையிலிருந்த பதிப்பாளர் எழுந்து போய்விட்டார்.

ஞாயிறன்று விடிந்ததும் அருள்மேரி குப்பத்துக்குச் சென்று, தமையன்மாரை எதிரே இருத்தி, தம் கையெழுத்திலிருந்த மெய்யான முடிவை உரக்கப் படித்தார். மூத்தவன் லோகு, "கதைய எய்துனவங்களே போவாதன்றாங்க. அப்பால நாம இன்னாத்த சொல்றது, வுடு" என்று துண்டை உதறி எழுந்தான்.

அந்நூல் அச்சேறவேயில்லை, பின்னர் எவ்விதழும் அருள்மேரியிடம் கதை கேட்டதுமில்லை. அங்காளம்மா திரும்பிப் போகவில்லை, உயிரோடிருக்கிறாள். அதற்கு இவ்வூரில் ஒருவரும் விழா எடுக்கவில்லை.