மலையைக் காணாத கட்டங்கள்

காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கணவன் புதிய ஆராய்ச்சியாளரைப் புகழ்ந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. மூவருக்கும் ஒரே காலநிலை ஆய்வகம். வருங்காலத்தில் குளிர்கால மழை கூடும் என்றது அவளுடைய கணினி மாதிரி. குறையும் என்றது புதியவளுடையது. அறிக்கையில் ஒன்றுதான் போகும்.

"நடந்து முடிஞ்ச முப்பது குளிர்காலத்தை ரெண்டும் கணக்குப் போடட்டும். நிஜமா பெஞ்ச மழையோட எது ஒத்துப்போகுதோ அது போகட்டும்" என்று அவளேதான் சவால் விட்டாள். புதியவள் மண்ணைக் கவ்வுவாள் என்று நம்பினாள்.

முடிவு அவள் திரையில்தான் முதலில் வந்தது. அவளுடைய மாதிரி நிலத்தை ஐம்பது கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டதில், மழையை மறிக்கும் மலைத்தொடர் தட்டையாகிப்போய், மலைக்குப் பின்னாலிருந்த வறண்ட ஊர்களிலும் மழை கொட்டியிருந்தது. புதியவளின் சின்னக் கட்டங்களில் மலை மலையாகவே நின்றது.

"என்ன ஆச்சு?" என்று கணவன் எட்டிப் பார்த்தான்.

திரையை அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை.

"உங்க மகாராணிதான் ஜெயிச்சா. நானே போய்ச் சொல்றேன்."

"நானும் வரேன்."

"நீங்க இங்கேயே உக்காருங்க. தோத்ததைக்கூடத் தாங்கிக்குவேன். அவ முன்னாடி நீங்க பல்லைக் காட்டறதை என்னால தாங்க முடியாது."