வரைபடத்தில் ஏறிய குசினி

"உங்களை உலகம் தேடிக்கொண்டிருக்கு" என்றார் உமாசுதன். ஹட்டன் நகரத்து மண்டபத்தில் இருந்த இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் சாப்பாட்டுப் பார்சல் வந்து இறங்கியிருந்தது.

உமாசுதன் யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் உத்தியோகம். சிறுதொழில் செய்யும் பெண்களை இணையத்தில் ஏற்றிவிடும் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. அதற்கு முன் கோழி வளர்ப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தார். கோழிகள் செத்துப்போனதும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார். டிஜிட்டலில் எது செத்தாலும் நாற்றம் வருவதில்லை. வாழ்க்கையில் ஒரு தீப்பெட்டிகூட விற்றறியாதவர். விற்பனையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார்.

"இணையத்தில இல்லாட்டி நீங்கள் இல்லை. விளங்குதோ? நீங்கள் இருக்கிறியள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

தான் இல்லை என்று கேள்விப்பட்டதும் கடைசி வரிசையில் இருந்த வீரம்மாவுக்குக் கொஞ்சம் கவலையாகப் போயிற்று. அவளுக்குத் தெரிந்தவரை, காலை ஐந்து மணிக்கு அவள் அடுப்பைப் பற்றவைக்காவிட்டால் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அறுபது பெண்கள் வெறும் வயிற்றோடு கொழுந்து கிள்ளப் போவார்கள். பத்தொன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள், இருபதாவது ஆள் இல்லாவிட்டால் திட்டத்துக்குக் கணக்கு இடிக்கும் என்று யாரோ கூப்பிட்டதால் அவள் வந்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் மழையில் மலைச்சரிவில் சறுக்கி விழுந்ததில் வீரம்மாவின் இடுப்பு போய்விட்டது. இனி மலைக்குப் போக ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் நல்லமுத்து தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்வதால் கம்பெனியின் வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயத்துக் காம்பரா மட்டும் கையில் இருந்தது. அந்த ஒற்றை அறைக்குப் பின்னால் இரண்டு பேருமாகத் தகரம் அடித்து ஒரு குசினி கட்டினார்கள். அன்றிலிருந்து ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும்தான் அவள் பிழைப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிற பெண்கள் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள்.

தோட்டத்து நிலத்தில் கம்பெனி அனுமதி இல்லாமல் ஒரு கோழிக்கூடு கட்டக்கூடாது. கேட்டால் அனுமதி கிடைக்காது. ஆகவே யாரும் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் மறுப்பதுமில்லை. மலையகத்தில் பாதி சீவியம் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையான கண்டாக்கு செல்லசாமிக்கு வீரம்மா தினமும் நான்கு ரொட்டி அனுப்புவாள். அதை லஞ்சம் என்று சொல்வது பாவம். அது அவர் கண்ணுக்கு மருந்து. நான்கு வருடமாக அவருக்கு அந்தக் குசினி தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். பொன்னிறக் கரை, மூன்று கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை, மேலே பிளாஸ்டிக் உறை.

"சேர், இத தோட்டத்துலயும் காட்டலாங்களா?"

"எங்கயும் காட்டலாம் அம்மா. பெருமையாக் காட்டுங்கோ."

வட்ட முத்திரை உள்ள காகிதத்தைத் தோட்டத்தில் யாரும் வாசிப்பதில்லை, கும்பிடுவார்கள். வீரம்மா அதைக் குசினிச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். செல்லசாமி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நுவரெலியாவுலயே பாஸ் பண்ணிட்டாங்களா? அப்ப தொரைக்கும் கடுதாசி போயிருக்கும்" என்றார். தைரியம் வந்து, மறுநாளிலிருந்து ஆறு ரொட்டி கேட்டார்.

அடுத்த வாரம் உமாசுதன் கேமராவோடு லயத்துக்கு வந்து சேர்ந்தார். சேறு படாத சப்பாத்தோடு வந்தவர், படும் வரை வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, முதல்ல இந்தக் கொழுந்துக் கூடையை மாட்டுங்கோ."

"நான் மலைக்குப் போயி நாலு வருசம் ஆச்சுங்க சேர். கூடையெல்லாம் இல்லீங்க."

"ஆரிட்டையாவது வாங்குங்கோ. வெளியாக்கள் எதிர்பார்க்கிறது அதைத்தான்."

பக்கத்துக் காம்பராவின் லெட்சுமி தன் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கூடையக் கட்டிக்கிட்டு ரொட்டி சுடுறவள இப்பதான் பாக்குறேன். அப்பிடியே சட்டியில ரெண்டு கொழுந்தும் கிள்ளிப் போடுக்கா."

"சிரிக்காதேங்கோ அம்மா. கொஞ்சம் கஷ்டமாப் பாருங்கோ."

"எதுக்குங்க?"

"கதை வேணும் அம்மா. ரொட்டியை ஆரும் விப்பினம். கதையைத்தான் விக்க வேணும்."

கூடைக் கயிறு நெற்றியில் இழுத்தபோது வீரம்மாவின் இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி ஓடியது. முகம் கோணிப்போனது.

"அதுதான்! அப்பிடியே நில்லுங்கோ!" என்று உமாசுதன் பதினெட்டுப் படம் எடுத்தார்.

இணையத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, 'மலைராணி வீரம்மா' என்று பெயர் வைத்தார். வீரம்மாவின் கைபேசி எண்ணில்தான் அதைத் திறந்தார். கடவுச்சொல்லை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார், அவளுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று. கடைசியாக வரைபடத்தில் இடத்தைக் குறிக்கப் போனபோது, அதுவரை பேசாமல் நின்ற நல்லமுத்து தொண்டையைச் செருமினார்.

"சேர், இது கம்பெனி நெலம். எடத்தப் போடாம செய்ய ஏலாதுங்களா?"

இருபது தொழில்களுக்கும் வரைபடத்தில் இருபது புள்ளி வேண்டும். பத்தொன்பது புள்ளியோடு அறிக்கை அனுப்பினால் பணம் கொடுக்கும் வெள்ளைக்காரர் இருபதாவது எங்கே என்று கேட்பார்.

"அண்ணை, நுவரெலியாவில எல்லாரோடயும் கதைச்சிட்டுத்தான் செய்யிறம்" என்றார் உமாசுதன். பொய்யென்று சொல்ல முடியாது. பதாகை அச்சடித்தவரோடு கதைத்திருந்தார், சாப்பாட்டுக் கடைக்காரரோடு கதைத்திருந்தார்.

"அதான் சேர் சொல்றாருல்ல" என்றாள் வீரம்மா, புருஷனைப் பார்த்து. "ஒங்களுக்கு எல்லாத்துலயும் பயம்."

அன்று மாலையே படம் ஏறிவிட்டது. கீழே உமாசுதன் உருகி எழுதியிருந்தார்: 'கம்பெனி லயத்தின் பின்புறம் தன் கைகளாலேயே கட்டிய தகரக் குசினியில் ஒரு தாயின் போராட்டம்.' ஒரு வழக்கறிஞர்கூட இவ்வளவு தெளிவாகக் குற்றப்பத்திரம் எழுதியிருக்க மாட்டார்.

பத்து நாளில் கொழும்பிலிருந்து வேன்கள் வரத் தொடங்கின. கூடையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு, சம்பல் உறைக்குது என்று தண்ணீர் கேட்டார்கள். 'உண்மையான வறுமை, உண்மையான சுவை' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டார். 'கழிப்பறைக்குப் போகும் வழி வழுக்குகிறது' என்று இன்னொருவர் இரண்டு நட்சத்திரம் போட்டார். அந்த வழியில் லயத்துச் சனம் மூன்று தலைமுறையாக வழுக்கி விழுகிறது. அதற்கு நட்சத்திரம் போடலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

உமாசுதன் போனில் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். "உள்ளூர் ஆக்களுக்குக் குறையுங்கோ அம்மா. வாற ஆக்களுக்கு வையுங்கோ. அவைதான் உங்கட வளர்ச்சி." வீரம்மா பாதி மாவை வேன்காரர்களுக்கு ஒதுக்கினாள். காலையில் வந்த லெட்சுமிக்கு ரொட்டி முடிந்துபோயிருந்தது.

"எங்களுக்கு இல்லியா? ஏன்க்கா, நாங்களும் போட்டோ புடிச்சாத்தான் குடுப்பியா? கூட என்னோடது, ஞாபகம் இருக்கா?"

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ரொட்டியைத் தட்டினாள்.

மூன்றாவது வாரம் கொழும்பிலிருந்து வந்த ஒரு நல்ல மனசுக்காரி, கம்பெனியின் சொந்தப் பக்கத்திலேயே போய், 'உங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு பொக்கிஷம்! நன்றி!' என்று படத்தோடும் வரைபடத்தோடும் எழுதினாள். கம்பெனிக்கு நான்கு வருடமாக யாரும் காட்டிக்கொடுக்காத இடத்தை அவள் இதயச் சின்னம் போட்டுக் காட்டிக்கொடுத்தாள்.

தலைமை அலுவலகம் தோட்டத்து நிர்வாகியான தொரையைக் கேட்டது. தொரை செல்லசாமியைக் கேட்டார். மறுநாள் பத்து மணிக்கு செல்லசாமி இடிப்பதற்கு அலவாங்கோடு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். காலையில் அனுப்பிய ஆறு ரொட்டியும் அவர் வயிற்றில் இருந்தது.

"யாரக் கேட்டு இதக் கட்டுன?" என்று நாலு லயத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"என்னங்க கண்டாக்கையா, ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் இந்தப் பக்கமே வாறதில்ல."

வீரம்மா நொண்டிக்கொண்டே உள்ளே போய்ச் சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி வந்தாள். "பெர்மிட் இருக்குங்க ஐயா. நீங்களே பாத்தீங்களே. முத்திர இருக்கு, மூணு கையெழுத்து இருக்கு."

செல்லசாமி அதை வாங்கினார். முதன்முதலாக யாரோ அதை வாசித்தார்கள்.

"'ஒருநாள் பயிற்சியில் பங்குபற்றினார்'னு போட்டிருக்கு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"கீழ ஏதாவது இருக்கும், நல்லாப் பாருங்க ஐயா."

"கீழ ஒன் பேரு இருக்கு. அதுவும் 'வீரமா'ன்னு எழுதியிருக்கானுங்க."

கூரைத் தகரத்தை முதலில் கழற்றினார்கள். அடுப்பைக் காலால் உதைத்து உடைத்தவன் பக்கத்து லயத்துப் பையன்தான். போன வாரம் வரை அந்த அடுப்பில் தின்றவன். வீரம்மா மாவுச் சட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தாள். மழை பிடித்து, பிசைந்த மாவில் தூறல் விழுந்தது. லெட்சுமி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தாள்.

செய்தி கேட்டதும் உமாசுதன் பதறிப்போனார். "அம்மா, ஆராவது வீடியோ எடுத்தவையோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. லெட்சுமியின் வீடியோவை வாங்கி, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, அவர் அன்றிரவே ஏற்றினார். ரொட்டிக்குக் கிடைக்காத பார்வை இடித்ததற்குக் கிடைத்தது. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அழுகிற முகச் சின்னம் ஆறாயிரம் விழுந்தது. அதில் ஒரு முகம்கூடத் தகரம் பிடிக்க லயத்துக்கு வரவில்லை.

"பயப்பிடாதேங்கோ. நான் கொழும்புக்குப் போய்க் கம்பெனியோட நேரடியாக் கதைக்கிறன்" என்றார்.

சொன்னபடியே போனார். அவரைத் திட்டுவதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இரண்டு லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் கோபம் தணிந்து மரியாதை வந்தது. தோட்டத்தில் தொரமார் இருந்த பழைய பங்களா ஒன்றைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கிறார்கள், ஆள் வரவில்லை. பாரம்பரிய லயத்து ரொட்டி என்று காலைச் சாப்பாட்டில் போட்டால் எப்படி இருக்கும்? சமைக்க ஹோட்டல் ஸ்கூல் படித்த பையன் இருக்கிறான். பெயரும் படமும்தான் வேண்டும். அந்தப் பக்கம் யாருடையது?

"நான்தான் உருவாக்கினனான்" என்றார் உமாசுதன் அடக்கத்தோடு. தேநீர் வந்தது. இரண்டாவது தேநீர் வந்தபோது அவர் கம்பெனியின் டிஜிட்டல் ஆலோசகர் ஆகியிருந்தார்.

ஒரேயொரு சிக்கல். பக்கத்தின் உரிமையை மாற்றும்போது வீரம்மாவின் கைபேசிக்கு ஒரு ரகசிய எண் போகும். அதைச் சொன்னால்தான் மாறும்.

வீரம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. குசினி இடிந்து எட்டு நாள். காம்பராவுக்குள் மூன்று கல் வைத்து நாற்பது ரொட்டி சுட்டுப் பார்த்தாள். புகையில் நல்லமுத்துவுக்கு இருமல் பிடித்ததும் அதையும் விட்டாயிற்று.

"அம்மா, நல்ல செய்தி. கம்பெனியோட எல்லாம் கதைச்சு முடிச்சிட்டன்."

"மெய்யாவா சேர்? ஏங்க, சேர் பேசிட்டாராம்! குசினியத் திரும்பக் கட்ட விடுவாங்களா சேர்?"

"எல்லாம் சரிவரும் அம்மா. இப்ப உங்கட போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கும். அதில ஆறு நம்பர் இருக்கும், வாசியுங்கோ. கெதியா. அஞ்சு நிமிசத்தில காலாவதி ஆகிடும்."

"இந்த நம்பருதான் பெர்மிட்டுங்களா?"



"ஓம் அம்மா. அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ."

வீரம்மா போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். ஒவ்வொரு எண்ணையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "நாலு… ஒம்பது… ஒம்பது… ரெண்டு… சைபர்… ஏழு. சரிங்களா சேர்? இன்னொருக்கா சொல்லட்டுங்களா?"

"தேவையில்லை அம்மா. வந்திட்டுது. பெரிய உதவி."

"நீங்கதான் சேர் எங்களுக்குத் தெய்வம்" என்று அவள் சொன்னபோது இணைப்பு போயிருந்தது.

"என்னா சொன்னாரு?" என்றார் நல்லமுத்து.

"பெர்மிட் வந்திருச்சாம். ஆறு நம்பரு. நான் சொன்ன ஒடனே ஆபீஸ்ல பதிஞ்சுட்டாங்க."

சந்தேகப்பட்டுப் பட்டுப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று நல்லமுத்துவுக்குத் தோன்றியது. பின்பக்கம் போய், சேற்றில் கிடந்த வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டின்னில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கருங்கல்லின் மேல் வைத்து, கை சுத்தியலால் தட்டி நேராக்கத் தொடங்கினார். வீரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, துருப்பிடிக்காததை அவருக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.