ஸ்டியரிங் உறை

பதினோரு வருடமாக பஸ் ஓட்டுகிறாள். அவள் உள்ளங்கை இப்படி எரிந்ததே இல்லை. டிப்போவில் எல்லா ஸ்டியரிங்குக்கும் புதிதாகக் கறுப்பு பிளாஸ்டிக் உறை மாட்டிய இரண்டாவது வாரம் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு கொப்புளம். அப்புறம் தோல் வெடித்து, வளைவில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் உயிர் போனது.

"பாத்திரம் தேய்க்கிற சோப்பாத்தான் இருக்கும்" என்றான் புருஷன்.

அந்த வேலையை அவன் தலையிலேயே கட்டினாள். ஒரு மாதம் தேய்த்தான். அவன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கை இன்னும் மோசமானது.

தோல் டாக்டர் ஒரு பெண்மணி. "லீவு நாள்ல ஆறுது, வண்டி எடுத்தா வருதா? அப்போ ஸ்டியரிங் உறையில ஒரு துண்டு கொண்டு வாங்க. முதுகுல ஒட்டி அலர்ஜி வருதான்னு பார்த்துடலாம்" என்றார்.

டிப்போ மேலாளரிடம் கேட்டாள்.

"டிப்போ சொத்தும்மா அது. வெட்டித் தர முடியுமா? முந்நூறு பேர் ஓட்டுறாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி வரும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் கேக்குறேன்."

"எழுதிக் கொடுங்க."

இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். பதிலே இல்லை. ஒரு நாள் வண்டியை நிறுத்தியதும், நகவெட்டியால் உறையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகமளவு நறுக்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அந்தத் துண்டையும் சோதனைக்கான இருபது ரசாயனங்களையும் முதுகில் ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. லீவு போட்டுக் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பிரித்தபோது துண்டு இருந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அந்த ரசாயனங்களில் ஒன்று இருந்த இடமும் அப்படியே.

"பிளாஸ்டிக் வெயில்ல வெடிக்காம இருக்க இந்த ரசாயனத்தைச் சேர்ப்பாங்க. ஸ்டெபிலைசர்னு பேரு" என்றார் டாக்டர். "நிறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. உங்க தோலுக்கு ஒத்துக்கல. இனிமேலும் ஒத்துக்காது. சில ரப்பர் கையுறையிலகூட இருக்கும், அதையும் நம்பாதீங்க. உறையைக் கழட்டச் சொல்லுங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழை மேலாளர் இரண்டு முறை படித்தார். "துண்டு எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றார்.

மறுநாளே மெமோ வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் தர வேண்டும். அதோடு, சேதமான உறையை மாற்றுவது விதியாம். அவள் வண்டியில் புத்தம் புது உறை மாட்டியிருந்தார்கள். பளபளவென்று இருந்தது. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

நேராகப் போய்ச் சாவியை மேலாளர் மேஜையில் வைத்தாள்.

"வருகை ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன் சார். வேலைக்கு வந்தாச்சு. அதைக் கழட்டுற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல சார். கை எரியுது."

இரண்டு நாள் மேலாளர் அறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வண்டிக்காகக் காத்திருந்த பயணிகள் போன் போட்டுத் திட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி மேலாளருக்குத் தொண்டை கட்டிப்போனது. மூன்றாம் நாள் காலை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். உறையைக் கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிட வேலைக்கா நாலு மாதம் அலையவிட்டார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

ஒரு மாதத்தில் பழைய தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. போன வாரம் அவள் வண்டி ரிப்பேருக்குப் போக, வேறு வண்டி கொடுத்தார்கள். அதில் கறுப்பு உறை.

"இன்னைக்கு ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் மேலாளர்.

அவள் சாவியை மேஜையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.