ஓட்டுகிற கை

முதல் அடி வீரணனின் இடது தோளில் விழுந்தபோது அவர் ஜீப்பின் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குடம் நழுவிக் காலில் விழுந்தது. சட்டென்று திரும்பியதால் மண்டைக்கு வந்த இரண்டாவது அடி காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கழுத்தில் சூடாக ஏதோ இறங்கியது. எதிரே சூரியபிரகாஷ் வீல் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அடித்தவன் முகமாக இல்லை அது. அடிபட்டவன் முகம் போல வெளுத்துக் கிடந்தது. கம்பம்மெட்டு தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பதினாலு பேர், தூக்குச்சட்டியும் மழைக் காகிதமுமாக டீக்கடை வாசலில் நின்றிருந்தார்கள். அப்போதுதான் விடிந்திருந்தது.

“ஒன்னய எறக்குனாத்தான் நான் ஏற முடியும்னா, எறக்கிருறேன்,” என்றான் சூரியபிரகாஷ்.

ஆறு வாரத்துக்கு முன்பு வரை இந்த ஜீப்பை ஓட்டியவன் அவன்தான். இருபத்தேழு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம், கைப்பிள்ளை ஒன்று. வீரணனுக்கு அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி, மாலை போட்டு, டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பென்ஷன் வந்தது. சொந்த வீடு இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவருக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: காலையில் எழுந்தால் போக ஓர் இடம். மூன்றரை மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். குளித்து, காக்கிச் சட்டையை மாட்டி, பிறகு ஞாபகம் வந்து கழற்றி வைப்பார். பொழுது விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பார். புதிதாக வந்த டிரைவர் ஒருவன் ரிவர்ஸ் எடுக்கத் திணறியதைப் பார்த்து, “ஒடிச்சு எடுப்பா, ஒடிச்சு எடு,” என்று கத்தினார். அவன் தலையை வெளியே நீட்டி, “பெரிசு, வீட்டுக்குப் போ,” என்றான். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரோடு வீடு வரைக்கும் வந்தது.

அடுத்த வாரம் ஜீப் முதலாளி வைகுண்டராஜ் வீட்டுக்கு அவராகவே போனார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டதாகத்தான் ஊரில் சொன்னார், மனைவி அய்யம்மாளிடமும் அப்படியே சொன்னார். உண்மையில், “ஒங்க வண்டிய ஓட்டுற பய மலையில போன் பேசிக்கிட்டே போறான். பொம்பளைக உசுரு. பாத்துக்கங்க,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, தான் சும்மாதான் இருப்பதாகவும் சொல்லி வைத்தார். போன் பேசியதைப் பார்த்தது நிஜம். ஒரே ஒரு தடவை பார்த்தார். மறுநாளே சூரியபிரகாஷிடமிருந்து சாவியை வாங்கி வீரணனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவன் முதலில் சண்டைக்கு வரவில்லை. மனைவி ஜோதிகாவையும் பிள்ளையையும் பைக்கில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, “அய்யா, ஒங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. எனக்கு இந்த ஸ்டியரிங்தான்யா. நீங்களே முடியலன்னு சொன்னீகன்னா மொதலாளி என்னயக் கூப்பிடுவாரு,” என்றான். பிள்ளை ஜோதிகாவின் தாலிக் கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வீரணனுக்கு ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் மூன்றரை மணி நினைவுக்கு வந்தது. “தொழில் தெரிஞ்சவன் கைக்கு வண்டி போகும்ப்பா. நான் என்ன செய்ய,” என்றார். அவர்கள் போன பிறகு அய்யம்மாள் வாசலைப் பார்த்தபடி, “அந்தப் புள்ள ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காமப் போகுது,” என்றாள். அதற்கடுத்த வாரம் ஜீப்பின் இரண்டு டயரை யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். வீரணன் போலீஸுக்குப் போகவில்லை. அதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடிக்கு அவன் ஸ்பேனரை ஓங்கியபோது வீரணன் பக்கவாட்டில் பின்வாங்கி டிரைவர் சீட்டின் மேல் சாய்ந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டதும் ஜாக்கி ராடு தட்டுப்பட்டது. உருவி ஒரே வீச்சாக வீசினார். சூரியபிரகாஷின் முழங்காலில் அது பட்ட சத்தம் டீக்கடைக்குள் வரை கேட்டது. அவன் மடிந்து விழுந்தான். ஸ்பேனர் தெறித்துச் சாக்கடைப் பக்கம் போய்விட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டீ மாஸ்டர் ஓடி வந்தார். அந்தப் பெண்களில் மூத்தவளான மொக்கம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “விடுங்கண்ணே, போதும்,” என்றபடி கிட்டத்தில் வந்தாள்.

சூரியபிரகாஷ் எழுந்திருக்கப் பார்த்தான். வலது கையைத் தார் ரோட்டில் ஊன்றினான். விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன. பெருவிரலுக்குக் கீழே கியர் பிடித்துக் காய்த்த தழும்பு தெரிந்தது. வீரணனுக்கும் அதே இடத்தில் அதே தழும்பு உண்டு. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ராடைத் தூக்கி அதன் மேல் இறக்கினார். சூரியபிரகாஷ் போட்ட கத்தலில் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. வீரணன் மறுபடியும் தூக்கினார். இரண்டு அடிக்கும் நடுவில் யோசிக்க நேரம் இருந்தது, நன்றாகவே இருந்தது. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்கி இறங்கியதை ராடு வழியாகவே அவர் கை உணர்ந்தது. நெஞ்சுக்குள் எதுவோ கழன்று விழுந்தது போல லேசாக இருந்தது. ரிடையர் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு மூச்சை அவர் விட்டதில்லை.

ஸ்டேஷனில் சமாதானம் பேசி முடித்தார்கள். முதலில் அடித்தவன் சூரியபிரகாஷ். கிழவனை ஸ்பேனரால் அடித்ததைப் பதினாலு பேர் பார்த்திருந்தார்கள். கீழே கிடந்தவன் கையை அடித்ததையும் அதே பதினாலு பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் வண்டி நின்றால் அவர்களுக்கும் வேலை நிற்கும். அதனால் கையை அடித்ததை ஸ்டேஷனில் யாரும் சொல்லவில்லை. தேனியில் அவன் கைக்கு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று விரல் இனி மடங்காது என்றார் டாக்டர். “நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக. காதுல தையல் பிரிச்சதும் வண்டிய எடுங்க,” என்று வைகுண்டராஜ் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அய்யம்மாள் ரத்தம் படிந்த அந்தச் சட்டையை மூன்று முறை அலசினாள். கொடியில் போட்டுவிட்டு வந்து, “விழுந்து கெடந்தவனையா அடிச்சீக?” என்றாள்.

“அவன்தான் மொதல்ல அடிச்சான்.”

“நான் அதக் கேக்கல.”

அதற்குப் பிறகு அவள் தினமும் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

வண்டியைத் திரும்ப எடுத்த பத்தாவது நாள், டீக்கடை வாசலில் நின்ற பெண்களோடு ஜோதிகாவும் நின்றாள். கையில் தூக்குச்சட்டி. வீரணன் மொக்கம்மாளைப் பார்த்தார். “வீட்டுல ஒருத்தராச்சும் வேலைக்குப் போகணும்ல,” என்றாள் மொக்கம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல். ஜோதிகா பின்னால் ஏறிக் கதவோரத்தில் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் மலை ஏறும் வரை ஊர்க்கதை பேசுவார்கள், சிரிப்பார்கள், கம்பம்மெட்டு வந்ததும் தெரிந்த கடைக்காரரிடம் மலையாளம் கலந்து வம்பிழுப்பார்கள். ஜோதிகா தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி வருவாள். ஏசுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று வீரணன் காத்திருந்தார். அப்படிச் செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அவள் முகம்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கை வேர்த்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவருக்குக் கை வேர்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போனபின், அவள் செருப்பு வார் அறுந்து பின்தங்கினாள். வீரணன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், “கை எப்பிடியிருக்கும்மா?” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். “ஓட்டுற கையக் கேக்குறீகளா, சோறு திங்கிற கையக் கேக்குறீகளா? ரெண்டும் ஒரே கைதான்.”

அவள் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அவரு மலையில போன் எடுக்க மாட்டாரு. அன்னைக்கிப் புள்ளைக்குக் காச்சல்ல கண்ணு சொருகிருச்சு. நாந்தான் விடாமக் கூப்பிட்டேன். அத யாரோ பாத்து மொதலாளிகிட்ட போய்ச் சொல்லியிருக்காக.” சொல்லிவிட்டு அவர் கண்ணையே பார்த்தாள். “யாருன்னு தெரியல.”

தெரியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா என்று வீரணனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் வெறுங்காலோடு நடந்து போய்விட்டாள். மறுநாள் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு படுத்தார். மூன்றரைக்கு விழிப்பு வந்தது. காக்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. வளைவுகளில் சேறு இறங்கிக் கிடந்தது. பாதி மலையில், ஓர் ஊசி வளைவைத் தாண்டிய ஏற்றத்தில், முன்னால் போன லாரி உருண்டு வந்த பாறைக்காக நின்றுவிட்டது. வீரணன் பிரேக்கை மிதித்தார். இன்ஜின் இருமி அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஈரத்தில் கேபிள் வழுக்கி லொடலொடவென்று கையோடு வந்தது. முதல் கியரில் போட்டும், பழைய வண்டி பாரம் தாங்காமல் அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறங்கப் பார்த்தது. காலை எடுத்தால் வண்டி உருண்டுவிடும் என்று தெரிந்து பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு, “பின்னாடி யாராச்சும் எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வைங்கத்தா,” என்றார்.

கதவோரத்தில் இருந்தவள் குதித்தாள். பக்கக் கண்ணாடியில் அவர் பார்த்தார். ஜோதிகா மழையில் ஓரமாக நடந்து போய், சரிந்து கிடந்த கற்களில் ஒன்றைப் புரட்டி, இரண்டு கையாலும் தூக்கினாள். பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பத்தடி ரோடு, முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் வெறும் வெள்ளை மேகம். வண்டிக்குள் மொக்கம்மாள் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் குனியவில்லை.

வீரணனின் வலது கால் பெடலின் மேல் நடுங்கத் தொடங்கியது. முதலில் தொடையில், பிறகு கெண்டைக்காலில். “வைம்மா,” என்றார். முதலாளியிடம் போய்ச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், கல்லைப் பிள்ளையைப் போல இடுப்போடு அணைத்தபடி. மழை அவள் நெற்றியில் இறங்கி, மூக்கு நுனியில் தங்கி, கல்லின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.