ஏற்றத்தில் ஒரு கை

"கையை எடுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்த சைக்கிள் குழுவில் சேர்ந்த முதல் நாளே, குழுவை நடத்தும் டாக்டரம்மாவிலிருந்து டயருக்குக் காற்றடிக்கிறவர் வரை ஆளாளுக்கு அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது அந்த ஒன்றைத்தான். சார்ஜென்ட்டிடம் எதை வேண்டுமானாலும் பேசு, சண்டைகூடப் போடு. ஏற்றத்தில் உன் முதுகில் அவர் கை வைத்தால் மட்டும் எடுக்கச் சொல்லாதே.

சார்ஜென்ட் பட்டாளத்தில் இருந்தவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே அங்கேயே போய்விட்டது. அவளுக்குப் போனது வலது கால். கல்லூரியில் தடை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தவளை, பயிற்சி முடிந்து திரும்புகிற வழியில் ஒரு லாரி மடக்கிப் போட்டது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி செருப்பு வாங்கினால் போதும் என்று குழுவில் ஒரு கேலி உண்டு. அதைத் தொடங்கி வைத்தவரும் சார்ஜென்ட்தான்.

குழுவில் எல்லாரும் இப்படித்தான். பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் ஒரு காலத்தில் மைதானத்தில் பேர் வாங்கியவர்கள். ஒருவருக்கும் உடம்பு முழுசாக இல்லை. ஞாயிறு காலையில் ஊருக்கு வெளியே உள்ள மலைச்சாலைக்குப் போய்த் திரும்புவார்கள். ஏற்றம் தொடங்கியதும் யார் பின்தங்குகிறாரோ அவர் பக்கத்தில் சார்ஜென்ட் வந்து சேர்ந்துவிடுவார். ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்கும். மறு கையை அந்த ஆளின் இடுப்புக்கு மேலே விரித்து வைத்துத் தள்ளுவார். பேச மாட்டார். உச்சிக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிக் கீழே போய்விடுவார்.

"பட்டாளத்துல இருந்து வந்தப்ப அவர் படுத்துத் தூங்கினதே கிடையாது" என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார். "சுவத்துல சாஞ்சு உக்காந்தே விடிய வெப்பார். இங்க வந்து ஒருத்தரைத் தள்ளிவிட்ட அன்னிக்குத்தான் படுத்தார். அவருக்கு நாம கொடுக்கிற மருந்து நம்ம முதுகு. அதைக் கொடுக்கிறதுல உனக்கென்ன குறைஞ்சுடப் போவுது?"

குறைந்துதான் போயிற்று. வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் அவள். அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர், அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை. அவர்கள் இருவரும் மகள் படிப்பை வைத்து யாரிடமும் மார்தட்டியதில்லை. தட்டியதெல்லாம் மற்றவர்கள். கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிவந்து கொடுத்த தாய்மாமன், யார் வீட்டுக்கு வந்தாலும் "நான் தூக்கிவிட்ட பிள்ளை" என்று ஆரம்பிப்பார். பழைய புத்தகம் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியும் தூக்கிவிட்டவள்தான். ஒரே ஒரு கையெழுத்துப் போட்ட ஆசிரியரும் அப்படித்தான். கால் போன பிறகு தூக்கிவிட்டவர்களின் கூட்டம் இன்னும் பெருத்தது. கண் எரிய எரிய உட்கார்ந்து எழுதிய பரீட்சையில் ஒரு மதிப்பெண்கூட அவளுடையது என்று மிச்சமில்லை. பத்து பேர் பங்கு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே அந்தக் கை முதுகில் பட்டபோது, அது நல்ல கை என்று தெரிந்தும், அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சார்ஜென்ட் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போலக் கொஞ்ச தூரம் அதை அந்தரத்திலேயே வைத்திருந்தார். பிறகு பின்னால் போனார்.

அவள் மிதித்தாள். செயற்கைக்கால் பக்கத்துப் பெடல் தண்டு கொஞ்சம் குட்டை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சைக்கிள் நொண்டும். செயற்கைக்காலின் உறைக்குள் வியர்வை சேர்ந்து மிச்சக் காலின் முனை வழுக்கத் தொடங்கியது. நல்ல கால் தொடை கல்லாக இறுகியது. ஒரு குட்டிப்பையன் ஆட்டுக்குட்டியை நடத்திக்கொண்டு அவளை முந்திப் போனான். அவனைத் திட்டக்கூட மூச்சில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வளைவுக்கு மேல் வளைவாக உருட்டி, கடைசியில் சாலை தானாகப் படுத்துக்கொண்டபோது, உச்சி வந்துவிட்டதை நம்ப முடியாமல் இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தாள்.

மேலே, ரேடியோ என்று எல்லாரும் கூப்பிடுகிறவரும் அவர் மனைவியும் இரட்டை சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி பார்த்தவர். இப்போது கண் தெரியாது. மனைவி முன்னால் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து மிதிப்பார், வழியும் சொல்வார்.

"யாருடி அது, லாரி மாதிரி மூச்சு விடறது?"

"நம்ம இன்ஜினியர்ப் பொண்ணு. தனியா வந்திருக்கு."

"தனியாவா?" ரேடியோ பாட்டிலை இறக்கினார். "அப்ப சார்ஜென்ட் எங்கே?"

அவள் பாறையில் உட்கார்ந்து காலைக் கழற்றி, உறைக்குள் சேர்ந்த வியர்வையைக் கவிழ்த்துக் கொட்டினாள். வாயெல்லாம் பல்லாக இருந்தது. லாரி அடித்த நாளுக்குப் பிறகு இந்த உடம்பைப் பார்த்து இப்படி ஒரு பிரியம் அவளுக்கு வந்ததில்லை. கீழே ஊர் கிடந்தது. அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தின் தகரக் கூரைகூடத் தெரிந்தது. கான்கிரீட் கட்டிகளை எந்திரத்தில் வைத்து, எவ்வளவு பாரத்துக்கு எது உடைகிறது என்று பார்க்கிற வேலை. அவள் கோபத்துக்கு ஏற்ற உத்தியோகம் என்பாள் அம்மா.

அப்போதுதான் கீழே நடு வளைவில் சார்ஜென்ட்டைப் பார்த்தாள். சைக்கிளை விட்டு இறங்கி, சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்த்தார். ஏறப் போகிறவர் போல சைக்கிளை நிமிர்த்தினார். பிறகு திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் சார்ஜென்ட் வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று குழு முடிவு கட்டியது. கோபிக்க வைத்தவள் யார் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்குதான் குழுவின் இடம். கூரைக் கொக்கிகளில் சைக்கிள்கள் தொங்கும். ரப்பர் வாசனையும் வலித்தைல வாசனையும் கலந்து அடிக்கும். அங்கே எல்லாரையும் வைத்துக்கொண்டே டாக்டரம்மா அவளைக் கேட்டார்.

"உனக்குக் கடற்கரைக்கு வரணுமா, வேண்டாமா?"

மலையைத் தாண்டிக் கடற்கரை வரை போகும் நெடும்பயணம். ஊர் ஊராக சைக்கிள்காரர்கள் கூடும் பொதுப் பயணம் அது. குழுவும் ஆள் அனுப்பும். அதற்காகத்தான் அவள் ஒரு வருஷமாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வரணும்."

"அப்ப அவரைப் பார்த்துத் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஞாயித்துக்கிழமை ஏத்தத்துல அவர் கை வைக்கட்டும். நான் உன் பேரைச் சேர்க்கிறேன்."

"சொல்லலைன்னா?"

"குழு சட்டையில வர முடியாது."

ரேடியோ கனைத்தார். "எனக்குக் கண்ணு தெரியாது. ஆனா இங்க ஒரு மூஞ்சி கடுகடுன்னு இருக்கிறது தெரியுது."

"அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவர் மனைவி. "அதைக் கண்டுபிடிக்கக் கண்ணு எதுக்கு?"

சார்ஜென்ட் கோபித்துக்கொள்ளவில்லை, ஏற முடியாமல் நின்றார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அடங்கிவிடும். நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கினாள். அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

மறுநாள் மத்தியான இடைவேளையில் பார்சல் அலுவலகத்துக்குப் போனாள். சார்ஜென்ட் அங்கே எடை போட்டுச் சீட்டு ஒட்டுகிறவர். மேசைக்குப் பின்னால் பெட்டிகள் கழுத்தளவுக்கு அடுக்கியிருந்தன.

"வாம்மா. பார்சலா, பஞ்சாயத்தா?"

"பஞ்சாயத்துதான்."

"அப்ப கொஞ்சம் பொறு. பார்சல்காரங்க முன்னாடி வந்துட்டாங்க." அவர் ஒரு பெண்மணியின் பெட்டியை வாங்கினார். "உள்ள என்னங்க?"

"துணி."

காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "துணி கடகடங்குதே."

"பட்டன் நிறைய வெச்ச துணிங்க."

அவர் முகம் மாறாமல் சீட்டை ஒட்டி, 'உடையும்' என்று சிவப்பில் எழுதினார். பெண்மணி போனதும் இவள் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க, அண்ணா."

"கேளு."

"கேக்க மாட்டேன்."

"அப்ப எதுக்குச் சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு வந்து நிக்கிறே?"

"அன்னிக்கு வளைவுல நீங்க இறங்கி நின்னதைப் பார்த்தேன்."

அவர் கையிலிருந்த ஒட்டு நாடா பாதியில் நின்றது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை. கால் வலிச்சுதா?"

"காலா?" அவர் நாடாவைப் பல்லால் அறுத்தார். "ஏத்தத்துல எனக்குக் கால்னு ஒண்ணு ஞாபகத்துக்கே வந்ததில்லைம்மா. முன்னாடி ஒரு முதுகு இருக்கும். அதைக் கொண்டுபோய் மேல சேர்த்துட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுது. நீ கையை எடுக்கச் சொன்னியா, அதுக்கப்புறம் பாக்கிறதுக்கு ரோடு மட்டும்தான் இருந்துச்சு. ரோடு ரொம்பப் பெருசா இருந்துச்சு."

"நான் சொன்னது தப்பா?"

"முதுகு உன்னோடது. தப்பு எங்க இருந்து வரும்?" அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். நீ வந்து தப்புன்னு சொன்னதா நானே டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை கடைசி வளைவுல சும்மா வெச்ச மாதிரி கையை வெக்கிறேன். தள்ள மாட்டேன். சத்தியமா. உன் பேரும் சேர்ந்துடும், இவங்க வாயும் மூடும்."

பொய் சின்னதுதான். யாருக்கும் நஷ்டமில்லை. குழுவோடு போனால் வழி நெடுகச் சிரிப்பு, பஞ்சரானால் உதவிக்கு ஆள், ராத்திரிக்குப் படுக்க இடம். அவர் கண்ணைப் பார்த்தாள். அவளுக்காகக் கேட்கிறாரா, ஒரு முதுகுக்காகக் கேட்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் கோபம் எப்போது இறங்கிப் போனதென்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை சும்மாவாவது பட்டுவிட்டால், கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது யார் என்பதை அவள் மறுபடியும் யாரோடாவது பங்கு போட வேண்டும். அவரும் மறுபடி அந்தச் சாலையைப் பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடுவார்.

பையைத் திறந்து, மடித்த குழுச் சட்டையை எடுத்து எடைமேடையின் மேல் வைத்தாள். முள் லேசாக அசைந்தது.

"துவைச்சு இஸ்திரி போட்டிருக்கேன். டாக்டரம்மாகிட்ட கொடுத்துடுங்க."

அவர் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கே."

"காலையிலேயே கடற்கரைப் பயணத்துக்குத் தனியா பேர் கொடுத்துட்டேன். குழு இல்லாதவங்களுக்கும் இடம் இருக்காம்."

"பஞ்சரானா என்ன பண்ணுவே?"

"ஒட்டுவேன். படிச்சவ, அதுகூடத் தெரியாதா?"

"திமிரு" என்றார், திருப்தியாக. "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?"

"உங்களைக் கூப்பிட வந்தேன். ஞாயித்துக்கிழமை ஏத்தத்துக்கு. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்."

"கை வெப்பியா?"

"கேட்டா வெப்பேன்."

"கேக்கலைன்னா?"

"நீங்க இறங்கி நின்னா நானும் இறங்கி நிப்பேன். ஆனா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சார்ஜென்ட் சிரித்தார். சட்டையை எடுத்து மேசைக்கடியில் பத்திரமாக வைத்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறு அவள் ஏறத்தான் போகிறாள், அதற்கப்புறம் கடற்கரை.

பின்னால் வரிசையில் நின்றிருந்தவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, "பேசி முடிச்சாச்சாம்மா?" என்றார்.

"முடிச்சாச்சு. நீங்க போங்க" என்று வழிவிட்டு, அவள் வெளியே நடந்தாள்.